ஸ்பெயின் குகைகளில் 64,000 ஆண்டுக்கு முந்தைய ஓவியம்: நியாண்டர்தால்கள் வரைந்தது என்று நம்பலாமா?

செவ்வந்தி (பதிவு 1)

வணக்கம். நான் பில்பாவோவில் வேலை பார்க்கிறேன். போன மாதம் கணவர், ஒன்பது வயது மகள், நான் மூவரும் கந்தாபிரியா பகுதியில் உள்ள புயெந்தே வியெஸ்கோ என்ற சின்ன ஊருக்குப் போயிருந்தோம். ஊருக்கு மேலே கூம்பு போல ஒரு சுண்ணாம்புக்கல் குன்று. அதற்குள் பல குகைகள். அவற்றில் எல் காஸ்தியோ குகைக்குள் வழிகாட்டியோடு போகலாம். 1903இல் எர்மிலியோ அல்கால்தே தெல் ரியோ கண்டுபிடித்த குகை அது.

உள்ளே ஒரு சுவரில் கைகள். பாறையில் கையை வைத்து, சுற்றிலும் செங்காவியை ஊதியிருக்கிறார்கள். கை இருந்த இடம் மட்டும் வெறும் பாறை. கொஞ்சம் தள்ளிச் சிவப்பு வட்டங்கள் வரிசையாகப் போகின்றன. அதில் ஒரு வட்டத்துக்குக் குறைந்தது 40,800 வயது என்றும், ஒரு கைத்தடத்துக்குக் குறைந்தது 37,300 வயது என்றும் 2012இல் கணக்கிட்டிருக்கிறார்கள். என் மகள் தன் கையைத் தூக்கிக் காற்றிலேயே அந்தக் கைக்கு நேராக வைத்துப் பார்த்தாள். பிறகு, "இது யாரும்மா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து தேடியதில், அதே குன்றில் இருக்கும் லா பசியேகா குகையில் ஏணி போன்ற ஒரு சிவப்புக் குறிக்குக் குறைந்தது 64,800 வயது என்று 2018இல் அறிவித்தது தெரிந்தது. மேற்கே மால்திராவியேசோ குகையில் ஒரு கைத்தடம் 66,700, தெற்கே அர்தாலெஸ் குகையில் காவி பூசிய கல்விழுதுத் திரை (சுண்ணாம்பு நீர் வடிந்து திரை போல உறைந்த பாறை) 65,500. மூன்று குகைகளும் ஒன்றுக்கொன்று 700 கிலோமீட்டர் வரை தள்ளி இருப்பவை. அந்தக் காலத்தில் ஸ்பெயினில் நம் இனம் இல்லை, நியாண்டர்தால்கள் என்ற, பின்னால் அழிந்துபோன இன்னொரு மனித இனம்தான் இருந்தது, ஆகவே வரைந்தவர்கள் அவர்கள்தான் என்பது வாதம். ஆனால் மறுப்புகளும் நிறைய வந்திருக்கின்றன. நம்பலாமா? மகளிடம் என்ன சொல்வது?

வைகைக்கரை (பதிவு 2)

தாராளமாக நம்பலாம் அக்கா. மறுப்பைக் கண்டு தயங்க வேண்டாம். நீங்கள் போன ஊருக்குப் பக்கத்தில்தான் அல்தாமிரா குகையும் இருக்கிறது. அதன் கதையைப் பாருங்கள்.

1879இல் மார்செலினோ சான்ஸ் தெ சௌத்துவோலா அந்தக் குகைத் தரையில் குனிந்து கல் கருவிகளைத் தோண்டிக்கொண்டிருந்தார். எட்டு வயது மகள் மரியா நிமிர்ந்து கூரையைப் பார்த்து, மாடுகள் என்றாள். கூரை முழுக்கச் சிவப்பும் கறுப்புமாகக் காட்டெருமைகள். அடுத்த ஆண்டே அவர் ஒரு சிறு நூல் எழுதி வெளியிட்டார். மத்ரித் பேராசிரியர் விலானோவா அவருக்குத் துணையாக நின்றார். ஆனால் பிரான்சின் பெரிய அறிஞர்கள் ஏற்கவில்லை. கற்கால மனிதனுக்கு இவ்வளவு தேர்ச்சி வராது என்றார்கள். சௌத்துவோலா வீட்டில் தங்கியிருந்த ஓர் ஓவியரைக் கொண்டு வரையச் செய்த மோசடி என்றுகூடப் பேச்சு கிளம்பியது. 1888இல் அந்தப் பழியோடுதான் அவர் இறந்தார். மறுத்தவர்களில் முக்கியமானவரான எமில் கார்த்தயாக், 1902இல்தான் 'என் தவறு' என்று எழுதி ஒப்புக்கொண்டார். 14 ஆண்டு தாமதம். மன்னிப்பைக் கேட்க வேண்டியவர் உயிரோடு இல்லை.

அன்று கற்கால மனிதனால் முடியாது என்றவர்கள் இன்று நியாண்டர்தாலால் முடியாது என்கிறார்கள். எனக்கு இரண்டும் ஒரே குரலாகத்தான் கேட்கிறது.

பாறைமகன் (பதிவு 3)

நான் நிலவியல் படித்தவன். சில ஆண்டுகள் யுரேனியம் தோரியம் அளக்கும் ஆய்வகத்தில் மாதிரி தயாரிக்கும் வேலையில் இருந்தேன். யார் சரி என்று பேசுவதற்கு முன்னால் இந்த எண்கள் எப்படி வருகின்றன என்று பார்த்துவிடுவோம்.

செங்காவி என்பது இரும்பு ஆக்சைடு. அதில் கார்பன் இல்லை. ஆகவே ரேடியோகார்பன் முறை அங்கே பயன்படாது. கரியால் வரைந்திருந்தால் பயன்படும், அதுவும் ஏறத்தாழ 50,000 ஆண்டு வரைதான். எனவே ஓவியத்தை விட்டுவிட்டு, அதன் மேல் படிந்த கால்சைட் என்ற சுண்ணாம்புப் பொருக்கை அளக்கிறார்கள். பொருக்கு ஓவியத்தின் மேல் இருந்தால் ஓவியம் பொருக்கைவிடப் பழையது. 'குறைந்தது' என்ற சொல் எல்லா எண்ணோடும் வருவதற்கு அதுதான் காரணம்.

கசிகிற நீரில் யுரேனியம் கரையும், தோரியம் அநேகமாகக் கரையாது. ஆகவே புதிதாகப் படியும் கால்சைட்டில் யுரேனியம் இருக்கும், தோரியம் இருக்காது. நாளாக ஆக யுரேனியம் சிதைந்து தோரியம் சேரும். விறகும் சாம்பலும் என்று வைத்துக்கொள்ளுங்கள். விறகு எவ்வளவு மிச்சம், சாம்பல் எவ்வளவு என்று பார்த்தால் அடுப்பு எத்தனை நேரமாக எரிகிறது என்று சொல்லிவிடலாம்.

கணக்கு கெடுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, காற்றில் பறந்து வந்த பழைய சாம்பல் நம் அடுப்பில் விழுவது. அதாவது களிமண் தூசியோடு வெளியிலிருந்து வரும் தோரியம். இதைத் தோரியம் 232 என்ற வேறு ஐசோடோப்பை அளந்து பெரும்பாலும் கழித்துவிடலாம். இரண்டாவதுதான் சிக்கல். எரிகிற அடுப்பிலிருந்து யாரோ விறகை உருவிக்கொண்டு போய்விட்டால்? சாம்பல் அப்படியே இருக்கும், விறகு குறைந்திருக்கும். பார்ப்பவருக்கு அடுப்பு நெடுநேரம் எரிந்ததாகத் தோன்றும். பொருக்கின் மேல் பின்னாளில் நீர் ஓடி யுரேனியத்தைக் கரைத்துக்கொண்டு போனால் இதுதான் நடக்கும். வயது உண்மையைவிடக் கூடுதலாக வரும்.

செவ்வந்தி (பதிவு 4)

விறகும் சாம்பலும் என்று சொன்னதில் முதல்முறையாக எனக்குப் புரிந்தது. நன்றி. இரண்டு கேள்விகள். பொருக்கைச் சுரண்டும்போது ஓவியம் கெட்டுவிடாதா? விறகு திருட்டு நடந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க வழியே இல்லையா?

பாறைமகன் (பதிவு 5)

சுரண்டுவது சில மில்லிகிராம்தான். சிறு கத்தியால் மேலிருந்து மெல்ல மெல்ல எடுப்பார்கள். அடியில் நிறம் தெரியத் தொடங்கியதும் நிறுத்திவிடுவார்கள். ஓவியத்தைத் தொடுவதில்லை.

திருட்டைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பொருக்கை ஒரே மாதிரியாக எடுக்காமல் வெளி அடுக்கு, நடு அடுக்கு, உள் அடுக்கு என்று தனித்தனியாக அளப்பது. உள்ளே போகப் போக வயது கூடினால் பொருக்கு ஒழுங்காக வளர்ந்திருக்கிறது என்று பொருள். 2018 குழு அப்படித்தான் செய்தது. அந்த வரிசை சரியாக வந்தது என்பதுதான் அவர்களுடைய பலமான வாதம்.

மறுத்தவர்கள் சும்மா மறுக்கவில்லை. 2020இல் நாற்பதுக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் சேர்ந்து எழுதினார்கள். மெல்லிய பொருக்கில் ஒரு முறையை மட்டும் நம்பக் கூடாது, இன்னொரு முறையாலும் சரிபார்க்க வேண்டும் என்றார்கள். அந்த வயதுகள் சரியென்றால் அதற்கும் அடுத்த ஓவியங்களுக்கும் நடுவே இருபதாயிரம் ஆண்டுக்கு மேல் வெற்றிடம் விழுகிறதே என்றும் கேட்டார்கள். லா பசியேகா ஏணியில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஏணிக் கட்டங்களுக்குள் விலங்கு உருவங்கள் இருக்கின்றன. வயது கிடைத்தது சிவப்புக் கோட்டுக்குத்தான். விலங்குகள் பிற்காலத்தில் சேர்ந்திருக்கலாம். செய்திகளில் அந்தப் படத்தைப் போட்டு 'நியாண்டர்தால் வரைந்த விலங்கு' என்று எழுதினால் அது தவறு.

என் மனதைக் கேட்டால், மூன்றில் அர்தாலெஸ் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை தருகிறது. அங்கே சிவப்பு என்பது இயற்கையாகக் கசிந்த இரும்புக்கறைதானோ என்று முதலில் சந்தேகம் இருந்தது. 2021இல் நிறப்பொருளைச் சோதித்தபோது அது குகைக்குள் கிடைப்பதோடு ஒத்துப்போகவில்லை. வெளியிலிருந்து கொண்டுவந்து, ஒருமுறை மட்டுமல்லாமல் வெவ்வேறு காலங்களில் பூசியிருக்கிறார்கள் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

கல்தச்சன் (பதிவு 6)

நான் திருவள்ளூர் பக்கம். ஓய்வுபெற்றவன். பொழுதுபோக்காகக் கல்லுடைத்துக் கருவி செய்து பார்க்கிறேன், ஏழெட்டு ஆண்டுகளாக. ஓவியத்தைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் நியாண்டர்தாலின் மூளையைப் பற்றிப் பேச அவர்கள் விட்டுப்போன கல் போதும் என்று நினைக்கிறேன்.

லெவலுவா முறை என்று ஒன்று உண்டு. பாரிஸ் புறநகர் ஒன்றின் பெயர் அது. கல்லை எடுத்தவுடன் செதில் உடைப்பதில்லை. முதலில் கல்லின் விளிம்பைச் சுற்றிலும் கொத்தி, மேல்முகத்தை ஆமை ஓடு போலக் குவித்துக்கொள்ள வேண்டும். பிறகு அடி விழ வேண்டிய இடத்தை மட்டும் தனியாகச் சீர்செய்ய வேண்டும். கடைசியில் ஒரே அடி. நினைத்த நீளம், நினைத்த அகலம், சுற்றிலும் கூர்மையோடு ஒரு செதில் கழன்று வரும். அதுவரை கொத்திய முப்பது நாற்பது கொத்தும் அந்த ஒரு செதிலுக்காகத்தான். இன்னும் பிறக்காத செதிலைக் கல்லுக்குள் பார்க்கத் தெரியாதவரால் இதைச் செய்ய முடியாது. எனக்கு முதல் நல்ல செதில் கிடைக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. இடது கட்டைவிரலில் தழும்பு இன்னும் இருக்கிறது. நியாண்டர்தால்கள் சிக்கிமுக்கிக் கல்லில் இதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தார்கள். பார்த்து மட்டும் கற்கக்கூடிய வேலை இது என்று எனக்குத் தோன்றவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து யாராவது கையைத் திருத்தியிருக்க வேண்டும்.

இன்னொன்று. தென்கிழக்கு பிரான்சில் அப்ரி தியு மராஸ் என்ற பாறை ஒதுங்கிடம். அங்கே ஒரு கல் செதிலில் ஒட்டியிருந்த சிறு நார்த்துணுக்கை நுண்ணோக்கியில் பார்த்தபோது, அது முப்புரிக் கயிறு என்று தெரிந்தது. 2020இல் வெளியான செய்தி. வயது 41,000க்கும் 52,000க்கும் இடையில். மரத்தின் உள்பட்டை நாரைத் தனித்தனியே ஒரு பக்கமாக முறுக்கி, மூன்று புரியையும் சேர்த்து எதிர்ப்பக்கமாகத் திரித்திருக்கிறார்கள். எதிர்முறுக்கு கொடுக்காவிட்டால் கயிறு பிரிந்துவிடும் என்பது நார் உரித்துக் கயிறு திரித்த எல்லாருக்கும் தெரியும். எந்த மரப்பட்டை, எந்தப் பருவம், எப்படி ஊறவைப்பது என்பதெல்லாம் தெரிந்தால்தான் அந்தக் கயிறு வரும்.

இவ்வளவு தெரிந்தவர் காவியைக் கரைத்துச் சுவரில் பூசினார் என்றால் எனக்கு ஆச்சரியம் இல்லை.

நெய்தல் (பதிவு 7)

நான் இருப்பது பிரான்சின் துலூஸ். ஊர் யாழ்ப்பாணம். வைகைக்கரை சொன்ன கார்த்தயாக் இந்த நகரத்தில்தான் வாழ்ந்து கற்பித்தவர். அவர் செய்த தவறு பெரியது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தக் கதையை நாம் பாதியில் நிறுத்திவிடுகிறோம்.

அவர் மனம் மாறியது எதனால்? அல்தாமிராவின் அழகைப் பார்த்தல்ல. 1895இல் தொர்தோன் பகுதியில் லா மூத் குகை. வாசலைப் பழைய கற்கால மண் அடைத்திருந்தது. மண்ணை அகற்றி உள்ளே போனால் செதுக்குருவங்கள். அடுத்து போர்தோ பக்கம் பேர் நோன் பேர் குகை. அங்கே சுவரில் இருந்த செதுக்கல்களையே கற்கால மண் அடுக்குகள் மூடிக்கிடந்தன. மண் கற்காலத்தது என்றால் அதற்கு அடியில் இருப்பதை நேற்று ஒருவர் வந்து செதுக்கியிருக்க முடியாது. 1901இல் கொம்பரெல், ஃபோன் தெ கோம் என்று இரண்டு குகைகள் ஒரே மாதத்தில் கிடைத்தன. அதற்குப் பிறகுதான் அவர் இளைஞர் ஆன்றி பிரேயை அழைத்துக்கொண்டு அல்தாமிராவுக்குப் போனார்.

தெற்கு பிரான்சின் ஷோவே குகையிலும் இதேதான் நடந்தது. 1994 டிசம்பரில் மூன்று பேர் கண்டுபிடித்தார்கள். சிங்கம், காண்டாமிருகம், குதிரை என்று சுவர் முழுக்கக் கரிக்கோடுகள். கரியின் ரேடியோகார்பன் வயது 36,000 ஆண்டு அளவுக்குப் போனது. இவ்வளவு நேர்த்தியான ஓவியம் அவ்வளவு பழையதாக இருக்காது என்று பாணியை வைத்துச் சிலர் பல ஆண்டுகள் எதிர்த்தார்கள். பிறகு குகை வாசலை மூடிய பாறைச் சரிவையே அளந்தார்கள். சரிவுக்குப் பின் பாறை முகம் திறந்தவெளிக்கு வந்து எவ்வளவு காலம் ஆகிறது என்பதைக் குளோரின் 36 என்ற ஐசோடோப்பு காட்டிக்கொடுக்கும். சுமார் 21,500 ஆண்டுக்கு முன்பே வாசல் முற்றாக மூடிவிட்டது. அதற்குப் பிறகு அங்கே யாரும் நுழைந்து வரைந்திருக்க முடியாது.

இரண்டிலும் வாதத்தை முடித்தது 'மூடி'தான். மண் மூடியது, பாறை மூடியது. ஸ்பெயின் குகைகள் மூன்றிலும் அப்படி ஒரு மூடி இன்னும் கிடைக்கவில்லை. பொருக்குதான் மூடி. அந்த மூடி கசிகிறதா என்பதுதான் சண்டை.

வைகைக்கரை (பதிவு 8)

நெய்தல், நீங்கள் சொன்னதில் லா மூத் விஷயம் எனக்குத் தெரியாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி மனதை அறுக்கிறது. இதே பொருக்கு, இதே முறை, வயது மட்டும் 35,000 என்று வந்திருந்தால் நாற்பது பேர் சேர்ந்து எழுதியிருப்பார்களா? நம் இனத்துக்கு ஓர் அளவுகோல், அவர்களுக்கு ஓர் அளவுகோல் என்று இருப்பது நியாயமா? நியாண்டர்தால் என்றாலே குனிந்த முதுகும் தடியுமாக வரைந்த காலம் இன்னும் முழுதாகப் போகவில்லை என்றுதான் நினைக்கிறேன். அந்தப் படத்துக்கு அடிப்படையான ஒருவருக்கு மூட்டு வாதம் இருந்தது என்று பின்னால் தெரிந்தது. லா ஷப்பெல் ஓ சேந்த் குகையில் 1908இல் கிடைத்த முதியவர் அவர். பல் பெரும்பாலும் போய், நடக்கவே சிரமப்பட்டு, அப்படியும் பல காலம் உயிரோடு இருந்திருக்கிறார். யாரோ அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

பாறைமகன் (பதிவு 9)

நியாயமான கேள்வி. ஆனால் 2012இல் எல் காஸ்தியோ வட்டத்துக்கு 40,800 என்று வந்தபோதும் இதே யுரேனியக் கசிவு விமர்சனம் எழுந்தது. எண் பழையதாக இருந்தால் எதிர்ப்பு கூடுகிறது என்பது உண்மை. நம் இனம், அவர்கள் இனம் என்பதால் மட்டும் அல்ல.

நெய்தல் (பதிவு 10)

வைகைக்கரைக்கு ஒன்று சொல்ல வேண்டும். நியாண்டர்தால்கள் குகையின் ஆழத்தில் ஏதோ செய்தார்கள் என்பதற்கு யாரும் மறுக்காத சான்று ஒன்று இருக்கிறது. எங்கள் நகரத்துக்கு வடக்கே, அவெரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில், ப்ருனிகெல் குகை.

வாசல் பாறைச் சரிவால் மூடிக்கிடந்தது. இடுக்கிலிருந்து மெல்லிய காற்று வருவதை ஒருவர் கவனித்தார். அவருடைய பதின்ம வயது மகன் ப்ரூனோ கொவால்செவ்ஸ்கி மூன்று ஆண்டுகள் கல்லை அகற்றி வழி உண்டாக்கினான். 1990இல் குகை ஆய்வாளர்கள் ஊர்ந்து உள்ளே போனார்கள். வாசலிலிருந்து 336 மீட்டர் உள்ளே, பகல் வெளிச்சம் எட்டவே எட்டாத இடத்தில், உடைத்த கல்முளைகளை (குகைத் தரையிலிருந்து மேலே வளரும் கால்சைட் தூண்களை) அடுக்கிக் கட்டிய இரண்டு வளையங்கள். பெரியது 6.7 மீட்டர் நீளம். மொத்தம் ஏறக்குறைய 400 துண்டுகள், எடை இரண்டு டன்னுக்கு மேல். நீளத்தில் ஒரே அளவாகத் தேர்ந்தெடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, சரியாமல் இருக்கச் சில துண்டுகளை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். பல இடங்களில் தீ எரித்த தடம்.

முதலில் ஆராய்ந்தவர் பிரான்சுவா ரூசோ. கருகிய எலும்பு ஒன்றை ரேடியோகார்பனில் அளந்து 47,600 ஆண்டுக்கு மேல் என்றார். அந்த முறை அதற்கு மேல் எட்டாது. 1999இல் அவர் இறந்தார், ஆய்வு நின்றது. பல ஆண்டு கழித்து ஸோஃபி வெர்ஹைடன் என்ற பெல்ஜிய ஆய்வாளர் கல்முளைகளையே அளக்கலாமே என்று முயன்றார். 2016இல் விடை வெளியானது: 1,76,500 ஆண்டுகள். அப்போது ஐரோப்பாவில் நியாண்டர்தால்களைத் தவிர அதைக் கட்ட வேறு யாரும் இல்லை.

இருட்டுக்குள் தீப்பந்தத்தோடு அத்தனை தூரம் போய், ஒருவர் வெளிச்சம் காட்ட மற்றவர்கள் உடைத்துச் சுமந்து அடுக்கியிருக்கிறார்கள். எதற்காக என்பது தெரியாது. குகை மக்களுக்குத் திறக்கப்படவில்லை. நான் அந்த ஊர்ப் பாலத்தில் நின்று மலையைப் பார்த்துவிட்டு வந்ததோடு சரி.

செவ்வந்தி (பதிவு 11)

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பாறைமகன், ப்ருனிகெல்லிலும் அளந்தது யுரேனியம் தோரியம் முறையில்தானே? அங்கே ஏன் யாரும் சண்டை போடவில்லை?

பாறைமகன் (பதிவு 12)

ஆமாம், அதே முறைதான். வேறுபாடு பொருளில் இருக்கிறது. கல்முளை என்பது கெட்டியான, கனமான கால்சைட். உள்ளே துளை கிடையாது. நீர் புகுந்து யுரேனியத்தைக் கழுவிக்கொண்டு போவது மிகக் கடினம். ஓவியத்தின் மேல் படிந்த பொருக்கு சில இடங்களில் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. பூட்டிய பத்தாயத்து நெல்லும் முற்றத்தில் கொட்டிய நெல்லும் ஒன்றாகுமா?

இன்னொன்றும் உண்டு. ப்ருனிகெல்லில் உடைந்த கல்முளையின் நுனி வளர்வது நின்ற காலத்தையும், அடுக்கிய பிறகு அதன் மேல் புதிதாக முளைத்த கால்சைட் தொடங்கிய காலத்தையும் தனித்தனியாக அளந்தார்கள். முன்னது முடியும் இடமும் பின்னது தொடங்கும் இடமும் பொருந்தின. கட்டிய நேரம் இரண்டுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. ஸ்பெயினில் நமக்குக் கிடைப்பது ஒரு பக்க எல்லை மட்டும்தான்.

மருதம் (பதிவு 13)

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். "64,000 ஆண்டுக்கு முன் நம் இனம் அங்கே இல்லை" என்பதை எல்லாரும் உறுதியாக எடுத்துக்கொள்கிறீர்கள். பிரான்சின் ரோன் பள்ளத்தாக்கில் மாந்த்ரேன் குகையில் ஒரு குழந்தையின் பால்பல் கிடைத்தது. நம் இனத்துடையது, வயது 54,000 ஆண்டு என்று 2022இல் அறிவித்தார்கள். கிரேக்கத்தின் அபிதிமா குகை மண்டையோட்டுத் துண்டு 2,10,000 ஆண்டு என்று 2019இல் சொன்னார்கள். இரண்டிலும் விவாதம் உண்டு. ஆனாலும் கதவு முற்றிலும் சாத்தியிருந்தது என்று சொல்ல முடியாது அல்லவா?

அப்புறம் இன்னொன்று. ஓவியம் ஐரோப்பாவில்தான் பிறந்தது என்ற பழைய எண்ணத்தோடு யாரும் படிக்க வேண்டாம். இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் பன்றியும் மனிதர் போன்ற உருவங்களும் உள்ள ஓவியத்துக்கு 2024இல் குறைந்தது 51,200 என்று கணக்கிட்டார்கள்.

கல்தச்சன் (பதிவு 14)

மருதம் கேட்டது எங்கள் ஊர் ஆட்களுக்கு நன்றாகவே புரியும். 1859இல் ஆங்கிலேய அறிஞர்கள் பிரெஸ்ட்விச்சும் எவன்ஸும் பிரான்சின் சோம் ஆற்றுச் சரளை மண்ணுக்குப் போய், கைக்கோடரி மண்ணுக்குள் இருந்த நிலையிலேயே பார்த்துப் படமும் எடுத்தார்கள். அழிந்த விலங்குகளின் காலத்திலேயே மனிதன் இருந்தான் என்பது அதன் பிறகுதான் நிலைத்தது. அந்தச் செய்தி மனதில் இருந்ததால்தான் நான்கே ஆண்டில், 1863 மே 30 அன்று, ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கிடைத்த கல்லைப் பார்த்தவுடன் அடையாளம் கண்டார். அதே ஆண்டில் எங்கள் பக்கத்து அத்திரம்பாக்கத்திலும் கருவிகள் கிடைத்தன.

அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்பு குழு 3,85,000 ஆண்டுப் பழமையான லெவலுவா செதில்களை எடுத்து 2018இல் வெளியிட்டது. ஆனால் அவற்றைச் செய்தது எந்த மனித இனம்? மனித எலும்பு ஒன்றுகூட அங்கே கிடைக்கவில்லை. கல் பேசும், ஆனால் தன்னை உடைத்தவரின் பெயரைச் சொல்லாது. நான் முன்னால் 'ஆச்சரியம் இல்லை' என்று எழுதினேன். அது உண்மை. ஆச்சரியம் இல்லை என்பதை நிரூபணம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நெய்தல் (பதிவு 15)

ஐயா சொன்னது சரி. இதைப் படித்தபோதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது, முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். மூடி இருக்கும் ஒரு குகை உண்டு.

பிரான்சின் லுவார் ஆற்றங்கரையில் லா ரோஷ் கோத்தார். 1846இல் ரயில் பாதைக்காக மண் எடுத்தபோது வாசல் தெரிந்தது. 1912இல் இடத்தின் உரிமையாளர் உள்ளே இருந்த மண்ணைத் தோண்டினார். பல காலம் கழித்து ழான் குளோத் மார்க்கே குழு சுவர்களைக் கவனித்தது. மென்மையான சுண்ணாம்புச் சுவரில் விரலால் இழுத்த கோடுகள், விரல் நுனியால் ஒற்றிய புள்ளிகள். சில வரிசையாக, சில வளைந்து, சில முக்கோணம் போலக் கூடி. கரடி நகக் கீறல்களோடு ஒப்பிட்டும், அதே போன்ற பாறையில் விரலால் இழுத்துப் பார்த்தும் மனித விரல்தான் என்று உறுதி செய்தார்கள்.

வாசலை அடைத்த மண்ணை ஒளி முறையில் அளந்தார்கள். மணலில் உள்ள குவார்ட்ஸ் கடைசியாக வெயில் பார்த்தது எப்போது என்று கணிக்கும் முறை அது. குறைந்தது 57,000 ஆண்டுக்கு முன்பே குகை மூடிவிட்டது. 1846 வரை திறக்கவில்லை. உள்ளே கிடைத்த கருவிகள் எல்லாம் முஸ்தேரியன் வகை, அதாவது அங்கே நியாண்டர்தால்களோடு வருகிறவை. 2023இல் வெளியிட்டார்கள். மாந்த்ரேன் பல்லைவிடவும் இது பழையது.

விலங்கு இல்லை, கைத்தடம் இல்லை. விரல் கோடுகள் மட்டும்தான். ஆனால் பேர் நோன் பேரில் கார்த்தயாக்கை மாற்றிய அதே வகைச் சான்று.

வைகைக்கரை (பதிவு 16)

இதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன் என்று இப்போது புரிகிறது. பதிவு 2இல் 'தாராளமாக நம்பலாம்' என்று எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். லா ரோஷ் கோத்தாரை நம்புகிறேன். ப்ருனிகெல்லை நம்புகிறேன். லா பசியேகாவுக்கும் மால்திராவியேசோவுக்கும் காத்திருக்கிறேன். சௌத்துவோலாவுக்காக எனக்குள்ள வருத்தம் மட்டும் மாறாது.

ஒரு சந்தேகம். மால்திராவியேசோ கைத்தடத்தை அளந்து, அது நியாண்டர்தால் கையா நம் கையா என்று சொல்ல முடியாதா? அவர்கள் கை நம்முடையதைவிடத் தடித்தது என்பார்களே.

செவ்வந்தி (பதிவு 17)

அந்தக் கேள்வியை நேற்று நாங்கள் வீட்டில் செய்தே பார்த்தோம். பழைய அட்டைப் பெட்டியைப் பிரித்துச் சுவரில் சாய்த்து வைத்தேன். காவிப்பொடியைத் தண்ணீரில் கரைத்து, உறிஞ்சுகுழல் இரண்டை ஒன்றுக்கொன்று செங்குத்தாகப் பிடித்து, ஒன்றின் வாயில் மற்றொன்றால் ஊதினால் தெளித்துக்கொண்டு வரும் என்று எங்கோ படித்திருந்தேன். முதல் அரைமணி நேரம் ஒன்றும் வரவில்லை. கரைசல் கெட்டியாக இருந்தால் ஏறவில்லை, நீர்த்துப் போனால் வழிந்துவிட்டது. மகள்தான் சரியான பதத்தைக் கண்டுபிடித்தாள். தோசை மாவைவிட நீர்க்க, மோரைவிடக் கெட்டி.

குழலை வலது கையில் பிடிப்பதால் இடது கையைத்தான் அட்டையில் வைக்க முடிந்தது. எல் காஸ்தியோவில் பெரும்பாலும் இடது கைகள்தான் என்று வழிகாட்டி சொன்னதன் காரணம் அப்போது புரிந்தது. ஒரு கைக்கு ஊதி முடிக்கவே மூச்சு வாங்கியது. இரண்டாவது கைக்கு அவள் கையை நான் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அசைந்துவிட்டது.

காய்ந்த பிறகு அளந்தோம். ஓரங்கள் எல்லாம் மங்கல். ஊதிய கோணம் மாறினால் விரல் ஒரு பக்கம் தடிப்பாகவும் மறுபக்கம் மெலிந்தும் தெரிகிறது. என் சுண்டுவிரல் உண்மையைவிட மெலிந்திருக்கிறது. அவள் நடுவிரல், கை அசைந்ததால் என்னுடையதைவிடத் தடித்திருக்கிறது. எது யார் கை என்பது பக்கத்தில் பெயர் எழுதி வைத்ததால்தான் தெரிகிறது.

அவளிடம், "குகையில் இருந்தது யார் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள், கண்ணு" என்று சொன்னேன். "அவங்க கையையும் யாராவது பிடிச்சிருப்பாங்களாம்மா?" என்று கேட்டாள்.